நூறு சொற்களுக்குக் குறையாமல்

எங்கள் கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எட்டுப் பேரும் சென்ற ஆவணி மாதம் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். செய்யச் சொன்னவன் நான். எதற்கு என்றால், அவர்கள் தொடர்ந்து என்னிடமே வேலை செய்வதற்காக. இது புரியவில்லை என்று சொல்கிறவர்கள் வேதன்ஸ்பியர் கம்பெனியின் ஒன்றரை மணி நேர வகுப்பில் உட்காராதவர்கள். நான் உட்கார்ந்தேன். டீ கூடக் கொடுத்தார்கள்.

கடை என்றால் சலவைக் கடை. டாலிகஞ்சில், வங்காள சினிமா ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் இருக்கிறது. சீரியல்காரர்களின் துணிகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, பிரிந்ததைத் தைத்துத் திருப்பி அனுப்புவோம். வங்காள சீரியல்களில் கல்யாணம் நடக்காத வாரம் கிடையாது. ஒரு கதாநாயகிக்கு ஒரே பனாரஸ் புடவையில் இப்போது மூன்றாம் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. புருஷன் மாறுகிறான், புடவை மாறவில்லை. அந்தப் புடவையில் இன்னும் ஜரிகை நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் பூங்கோதை.

நான் விஸ்வநாதன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்தார். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே தலை நரைத்தவன். பூங்கோதையின் புருஷன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பதினெட்டு வருஷமாக அவள் என்னிடம் இருக்கிறாள். கடையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற ஏழு பேரும் வங்காளிகள். அதில் மூத்தவர் இஸ்திரிக்காரர் நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணா.

"இது கடை இல்லை, குடும்பம்" என்று, கடையில் கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜைக்கு வரும் ஸ்டூடியோக்காரர்களிடம் வருஷா வருஷம் சொல்வேன். சொல்வதோடு விடமாட்டேன், சாட்சியும் வைப்பேன். "இதோ நிற்கிறாளே பூங்கோதை, இவள் புருஷன் போன நாலாம் நாள் வேலைக்கு வந்து நின்றவள். காசுக்கா வந்தாள்? பாசம்!" என்பேன். அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் இனிப்பு கொடுப்பேன்.

சம்பள வேலைகளை இருபது வருஷமாக ஹால்தார் பாபு என்ற ஒற்றை மனிதர் பார்த்துவந்தார். மாதக் கடைசியில் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டுடன் வருவார். இரண்டு டீ குடிப்பார். பெருமூச்சு விடுவார். மறுநாள் எல்லாருக்கும் சம்பளம் வந்துவிடும். இந்த வருஷம் அவர் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு சிலிகுரியில் மகள் வீட்டோடு போய்விட்டார். அதே சமயம் பார்த்து, எங்களுக்கு முக்கால்வாசி வேலை கொடுக்கும் சீரியல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் அங்கீகாரம் பெற்ற சம்பள நிறுவனம் வழியாகச் சம்பளம் போடுகிற கடைகளுக்குத்தான் துணி வரும், இந்த ஊரின் பெரிய பண்டிகையான பூஜைக்கு முன்னால் மாறிக்கொள்ளவும் என்று. குருடனைப் போய் ராஜ விழி விழிக்கச் சொன்ன மாதிரி. எனக்குக் கைபேசியில் அலாரம் நிறுத்தவே தெரியாது.

அப்படித்தான் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் சால்ட் லேக், செக்டர் ஃபைவிலிருந்து வேதன்ஸ்பியர் என்ற சம்பள நிறுவனம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. அனுப்பப்பட்டவன் பெயர் அனந்த். இருபத்தாறு வயது இருக்கும். அவன் பதவியின் பெயர் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பங்காளி.' அப்பா மத்திய சர்க்கார் வேலை, சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை.

"அங்கிள், நானும் தமிழ்தான். பட் பெங்காலி பெட்டரா வரும். உங்ககிட்ட எத்தனை எம்ப்ளாயீஸ்?"

"எட்டு."

"இல்ல அங்கிள். எங்க சிஸ்டம்ல இப்ப ஜீரோ." அவன் வருத்தத்துடன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். ஜீரோதான் இருந்தது. "ஒருத்தர் எங்க சிஸ்டம்ல ஜாயின் பண்ணணும்னா, பழைய சிஸ்டம்லேருந்து ப்ராப்பரா எக்ஸிட் ஆகியிருக்கணும்."

"பழைய சிஸ்டம்னா ஹால்தார் பாபுவோட நோட்டுப்பா."

"நோட்டுலேருந்துதான் எக்ஸிட் ஆகணும்."

சிலிகுரிக்குப் போன் போட்டேன். நோட்டை மூடிக் கயிறு கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேனே, அது போதாதா என்று ஹால்தார் பாபு கேட்டார். போதாது என்றேன். அவர் பழைய வழக்கப்படி பெருமூச்சு விட்டார். போனிலும் அது நன்றாகவே கேட்டது.

ஏன் போதாது என்பதை விளக்கத்தான் அந்த வகுப்பு. எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். வகுப்பெடுத்தவர் சாதனா மேடம். ஊழியர் பயணத் துறையின் தலைவி. இங்கிலீஷில் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

"நண்பர்களே, நாங்கள் சம்பளம் போடும் கம்பெனி என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். சம்பளம் என்பது போகிற போக்கில் நடப்பது. சில மாதங்களில் நடக்காமலும் போகலாம். நாங்கள் கவனிப்பது உணர்வுகளை. போய்வருகிறேன் என்று முறையாகச் சொல்லாத மனிதனால் வந்தேன் என்று முறையாகச் சொல்ல முடியுமா? சென்ற வருஷம் மட்டும் பதினோராயிரம் பேரை வேலையிலிருந்து விடைபெறச் செய்து, அதே பதினோராயிரம் பேரை அதே இடத்தில் அதே வேலையில் சேர்த்திருக்கிறோம். இவ்வளவு பெரிய மாற்றத்தை வேறு எந்த நிறுவனமும் செய்ததில்லை."

கைதட்டல். பக்கத்தில் இருந்த மிட்டாய்க் கடைக்காரர் எழுந்து, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டார்.

"அது ஒரு பயணம்" என்றார் மேடம். மிட்டாய்க் கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

விடைபெறுதலில் மூன்று படிகள். முதலில் பிரிவு உபசாரம், போட்டோவுடன். அடுத்து விலகல் கடிதம். கடைசியில் எழுபத்திரண்டு மணி நேரப் 'பற்றறுப்பு.' அதற்குப் பிறகுதான் மறுபிறவி.

பிரிவு உபசாரத்துக்கு ஒரே ஒரு சால்வை வாங்கினேன். எட்டு சால்வை வாங்க நான் என்ன மடையனா? முதலில் நிமாய்தாவுக்குப் போர்த்திப் போட்டோ எடுத்தோம். பிறகு அதைப் பூங்கோதை இஸ்திரி போட்டு மடித்துத் தர, அடுத்தவருக்குப் போர்த்தினோம். எட்டுப் போட்டோவையும் அனந்த் அனுப்பிவைத்தான். எட்டும் திரும்பி வந்தன. காரணம் 'முகபாவம் பொருந்தவில்லை.' வேலையை விட்டுப் போகிற ஆட்கள் இளித்துக்கொண்டு நிற்பதை சிஸ்டம் சந்தேகிக்கிறதாம்.

"கொஞ்சம் சேட் எமோஷன் வேணும் அங்கிள். சிக்ஸ்டி பர்சென்ட்டாவது."

எங்கள் தெருவில் இது ஒரு பிரச்சினையா? நிமாய்தா எதிர் ஸ்டூடியோ மேக்கப் அறைக்குப் போய் ஒரு குப்பி கிளிசரினோடு வந்தார். கண்ணுக்குக் கீழே எங்கே தடவ வேண்டும், எத்தனை எண்ணும்வரை இமைக்கக் கூடாது என்று வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருஷமாக அழுகிறவர்களின் சட்டையை இஸ்திரி போட்டவருக்கு அழத் தெரியாதா? ஏழு பேரும் தாரை தாரையாக அழுதார்கள். நிமாய்தாவுக்குத் தொண்ணூற்று இரண்டு சதவீதம் வந்தது. ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பூங்கோதை மட்டும் கிளிசரின் வேண்டாம் என்றாள். நான் சால்வையைப் போர்த்தியதும் அவள் கண்ணில் தானாகவே நீர் கட்டியது. நல்ல நடிப்பு என்று நான் பாராட்டினேன்.

அடுத்தது கடிதம். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எட்டுப் பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதுவும் திரும்பி வந்தது. எட்டுப் பேருக்கும் ஒரே சொந்தக் காரணம் இருக்க முடியாதாம். அனந்த் படிவங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் நேரிலேயே விளக்கினான். 'இந்த நிறுவனத்தை விட்டு ஏன் விலகுகிறீர்கள்?' என்பது ஒரே கேள்வி. நூறு சொற்களுக்குக் குறையாமல், இருநூற்றுக்கு மிகாமல், அவரவர் தாய்மொழியில், சொந்தக் கையெழுத்தில். முதலாளியிடம் காட்டப்பட மாட்டாது. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம்.

நிமாய்தா கங்காசாகர் மேளாவில் தொலைந்துபோன தன் இரட்டைச் சகோதரன் நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்துவிட்டதாக எழுதினார். எழுதும்போதே எல்லாருக்கும் படித்துக் காட்டினார். மற்றவர்கள் அந்தச் சகோதரனின் வேறு வேறு உறவுக்காரர்களானார்கள்.

பூங்கோதை படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள்.

"ஐயா, இதுல நெசத்த எழுதணுமா?"

"எதையாவது எழுது. யார் படிக்கப் போறா?"

"நூறு வார்த்தைக்குக் கொறையக் கூடாதாமே."

"உனக்கு எங்கேர்ந்து கிடைக்கும் அவ்வளவு காரணம்? பஸ் வரல, குழாயில தண்ணி வரலன்னு போட்டு ரொப்பிடு" என்றேன். என் நகைச்சுவையை நானே ரசித்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு எடுத்துப் போனாள். மூன்று நாள் ஆயிற்று. மற்ற ஏழு உறைகளும் போய்ச் சேர்ந்துவிட்டன.

"ஏ பூங்கோதை, என்ன, நாவல் எழுதறியா? நூறு வார்த்தைக்கு மூணு நாளா?"

"எழுதிட்டேன் ஐயா. கூடிப்போச்சு. இருநூறுக்கு மேல போவக் கூடாதுன்னாவ, அதான் சுருக்கிக்கிட்டிருக்கேன்."

இதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. போட்டோவுக்குப் போர்த்திய சால்வையை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு டீக்கு ஆளனுப்பினேன். நாலாம் நாள் காலையில் ஒட்டிய உறையைக் கொடுத்தாள். அனந்த் வாங்கிப் போனான்.

பிறகு பற்றறுப்பு. எழுபத்திரண்டு மணி நேரம் ஊழியர்கள் கடைக்குள் ஊழியர்களாக நுழையக் கூடாது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வாரம் இரண்டு சீரியல்களில் கல்யாணம், ஒன்றில் திவசம்.

"விசிட்டரா வரலாம் அங்கிள்" என்று அனந்த் வழி சொன்னான். "வாசல்ல ரெஜிஸ்டர் வைங்க."

"விசிட்டர் இஸ்திரி போடலாமா?"

"அது அவங்களோட ஹாபி. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

ஆகவே ஏழு விருந்தினர்கள் காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டு, மாலை ஏழு மணிவரை பொழுதுபோக்கிவிட்டுப் போனார்கள். பூங்கோதை வரவில்லை. போன் செய்தேன். "வரக்கூடாதுன்னு போட்டிருக்கே ஐயா" என்றாள். விருந்தினராக வா என்றேன். "உங்க கடைக்கு நான் எப்படி விருந்தாளியா வாரது?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் நிமாய்தா பனாரஸைத் தொட்டார். ஒரு முழம் ஜரிகை கருகிவிட்டது.

மூன்றாம் நாள் மாலை அனந்த் போனில் கத்தினான். "அங்கிள், கங்க்ராட்ஸ்! உங்க கடையிலேருந்து வந்த ஒரு எக்ஸிட் லெட்டருக்கு ஸின்ஸியாரிட்டி நைன்ட்டி எய்ட் பர்சென்ட்! ஈஸ்ட் ஸோன்ல ஃபர்ஸ்ட்! சனிக்கிழமை ஆபீஸுக்கு வாங்க, மேடம் உங்களை ஆனர் பண்றாங்க."

நிமாய்தாவின் இரட்டைச் சகோதரன்தான் ஜெயித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டுப் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் பிடித்து செக்டர் ஃபைவ் போனேன். அதே நாற்பது கடைக்காரர்கள். என்னை மேடை ஏற்றிக் கையில் பூங்கொத்து கொடுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் கடிதம் வந்தது. எழுத்து வங்காளம் இல்லை, தமிழ். குண்டு குண்டாக, அழுத்தி எழுதிய எழுத்து. ஒலிபெருக்கியில் ஒரு இயந்திரப் பெண் குரல் அதை இங்கிலீஷில் உற்சாகமாகப் படிக்க ஆரம்பித்தது. நான் திரும்பித் தமிழிலேயே படித்தேன்.

"வேலையை விடுவதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருசத்தில் யாரும் என்னிடம் எதற்கும் காரணம் கேட்டது கிடையாது. அதனால் யோசித்து எழுதுகிறேன். கடையில் கக்கூஸ் ஒன்று இருக்கிறது. சாவி ஐயா மேஜையில் இருக்கும். சனிக்கிழமை கழுவுவதற்கு மட்டும் என்னிடம் தருவார். ஆம்பளைகள் சந்துக்குள் போய்க்கொள்வார்கள். நான் மார்க்கெட்டு வரைக்கும் போய்க் காசு கொடுத்துப் போகணும். போய் வர இருபது நிமிசம். ஐயா கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மூணாம் நாள் ஐயா ஆள் அனுப்பினார். கல்யாணப் புடவையில் ஜரிகை பிரிந்துவிட்டதாம். நாலாம் நாள் போனேன். அதை ஐயா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

ஐயாவைவிட எனக்கு இரண்டு வயசு கூட. பெங்காலியில் ஐயா எல்லாரையும் மரியாதையாகப் பேசுவார். நிமாயை நிமாய்தா என்பார். என்னை மட்டும் ஏ என்பார். நாம ரெண்டு பேரும் தமிழ், அதான் உரிமை என்பார். அந்த உரிமையில் நான் அவரை ஏ என்று கூப்பிட முடியாது.

மற்றபடி ஐயா நல்லவர். இதை அவரிடம் காட்ட மாட்டோம் என்று சொன்னதால் எழுதினேன்."

இயந்திரக் குரல் 'ஐயா' வருகிற இடத்திலெல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று படித்தது. மதிப்பிற்குரிய ஐயா கடிகாரத்தைப் பார்ப்பார். மதிப்பிற்குரிய ஐயா ஆள் அனுப்பினார். விளக்கைப் போட்டார்கள்.

"பார்த்தீர்களா?" என்றார் சாதனா மேடம். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. "இதுதான் ஆரோக்கியமான விலகல். எங்கேயாவது கசப்பு இருக்கிறதா? இந்த அம்மா பதினெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததை நம் படிவம் மூன்றே நாளில் வெளியே எடுத்துவிட்டது. இதைச் சரிசெய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். அது நம் வேலை இல்லை. நாம் அளப்பவர்கள்."

"முதலாளிக்குக் காட்ட மாட்டோம்னு எழுதியிருந்ததே" என்று நான் அனந்திடம் கேட்டேன்.

"பேரை எடுத்துட்டோம் அங்கிள். 'மிஸஸ் பி, லாண்ட்ரி, டாலிகஞ்ச்'னுதான் போட்டிருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் பூங்கொத்து இருந்ததால் சத்தம் வரவில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவராவது எழுந்து என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மிட்டாய்க் கடைக்காரர் மட்டும் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடையிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது முதலில் வந்தது கோபம்தான். மறைக்க விரும்பவில்லை. சொல்லியிருக்கலாமே, வாய் இல்லையா, ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்று பாலம் ஏறும்வரை அவளைத் திட்டினேன். பாலம் இறங்கும்போது, 'உனக்கு எங்கேர்ந்து கிடைக்கும் அவ்வளவு காரணம்' என்று நான் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் அவளைத் திட்ட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. கடைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தச் சாவியைப் பார்த்தேன். மாற்றுச் சாவி செய்ய நாற்பது ரூபாய் ஆகும். அதைப் பதினெட்டு வருஷமாக நான் செய்யவில்லை. யாரும் என்னைத் தடுக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அனந்த் கடைக்கே வந்தான். ஏழு பேர் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். பூங்கோதையின் சேர்க்கைப் படிவம் மட்டும் வரவில்லை. திங்கள் மதியத்துக்குள் வராவிட்டால் எட்டுப் பேர் கணக்குப் பொருந்தாது. பொருந்தாவிட்டால் கடையின் பதிவே ரத்தாகும். பதிவு ரத்தானால் பூஜைக்குத் துணி வராது. "ரொம்ப சிம்பிள் அங்கிள், ஒரே ஒரு கொஸ்டின்" என்று தன் டேப்லெட்டையே கொடுத்துவிட்டுப் போனான்.

பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பூங்கோதை வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் செத்தபோதும் ஆளைத்தான் அனுப்பினேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். மீன் விற்கிறவரிடம் கேட்டேன். "திதி வீடா?" என்று எழுந்து நின்று வழி சொன்னார். திதி என்றால் அக்கா. குழாயடியில் கேட்டேன். அங்கேயும் திதி. வளர்ந்த ஆண் ஒருவர் என்னை அழைத்துப் போய், "திதி, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்று வங்காள மொழியில் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னைக் கண்டதும் அவள் பதறிப்போய் ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். குடிக்கும்போது அவளைப் பார்க்க முடியவில்லை.

"படிச்சிட்டேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "காட்ட மாட்டோம்னாவளே."

"காட்டிட்டாங்க."

"ஐயோ." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. அவிய கேட்டாவ. கேட்டதுக்கு நெசத்தச் சொல்லாம என்னத்தச் சொல்ல? உங்க மனசு நோவணும்னு எழுதல."

தப்புச் செய்தவன் நான், மன்னிப்புக் கேட்கிறவள் அவள். எனக்குத் தலை நிமிரவில்லை. வரும் வழியில் செய்து வாங்கிய புதுச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "இது உங்களுக்கு. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்." 'உங்களுக்கு' என்று வந்துவிட்டது. நாக்கு தடுமாறித்தான் வந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். சாவியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

டேப்லெட்டைத் திறந்தேன். கேள்வி தமிழிலேயே இருந்தது. 'இந்த நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? நூறு சொற்களுக்குக் குறையாமல்.' விரலால் எழுதினால் போதும், எத்தனை சொல் ஆயிற்று என்று கீழே அதுவே காட்டும்.

"நிமாயெல்லாம் என்ன எழுதினாவ?"

"இரட்டைச் சகோதரன் மறுபடி தொலைஞ்சு போயிட்டான்னு."

பூங்கோதை சிரித்தார். பிறகு கேள்வியை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். "எனக்கு வேலை வேணும் ஐயா. வாரதுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா 'வேற போக்கிடம் இல்ல'ங்கது மூணே வார்த்த. பாக்கிக்கு எங்க போவேன்?"

"சாவியை எழுதுங்க."

"அது ஒரு காரணமா ஐயா? அது எல்லா எடத்துலயும் இருக்கதுதான?"

அவர் விரலை டேப்லெட்டின் மேல் தயாராக வைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க. நான் எழுதுதேன்."

இது எனக்கு வரும் என்று நினைத்தேன். வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜையில் பேசுகிறவன் இல்லையா? தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். "ஜரிகை வேலைக்கு இந்த டாலிகஞ்ச்லயே உங்க கை மாதிரி கை கிடையாது. ஸ்டூடியோக்காரங்க உங்களைத்தான் கேட்கறாங்க. நீங்க வராத மூணு நாள்ல ஒரு முழம் கருகிப்போச்சு. எது எங்கே இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். உங்களை நம்பித்தான் பூஜை ஆர்டர் எடுத்திருக்கேன். நீங்க இருந்தா நான் நிம்மதியா வெளியே போய்ட்டு வரலாம். சாவிக்கொத்தைக்கூட உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்..." மனசாரத்தான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் பொறுமையாக எழுதினார். கீழே எண் ஏறிக்கொண்டே வந்தது. எழுபத்தாறு. இன்னும் இருபத்து நாலுதான்.

அங்கே விரலை நிறுத்திவிட்டு, எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தார்.

"ஐயா, இதெல்லாம் நீங்க என்னை ஏன் வச்சிருக்கீங்கங்கதுக்குல்லா ஆச்சு? நான் ஏன் வரணும்னுதான இதுல கேட்டிருக்கு?"

குத்திக் காட்டவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அழித்தார். பெட்டி காலியாயிற்று. கீழே மறுபடி பூஜ்யம் வந்து நின்றது.

"சொல்லுங்க ஐயா" என்றார் பூங்கோதை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு."